ஒரு வாக்கியத்துக்கு 195 நாடுகளின் ஒப்புதல்

காலநிலை ஆய்வின் முடிவுகள் அரசுகளுக்குப் போய்ச் சேரும் முதன்மையான வழி, ஐ.பி.சி.சி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் அரசுகளுக்கிடையேயான காலநிலை மாற்றக் குழுவின் அறிக்கைகள்தான். அதன் ஆறாவது மதிப்பீட்டின் முதல் பகுதி 2021 ஆகஸ்டு 9 அன்று வெளியானது. 66 நாடுகளைச் சேர்ந்த 234 விஞ்ஞானிகள் அதை எழுதினார்கள். 14,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளை ஆதாரமாகக் காட்டினார்கள். வரைவுகளைப் படித்த வல்லுநர்களிடமிருந்தும் அரசுகளிடமிருந்தும் 78,000-க்கும் மேற்பட்ட கருத்துகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதப்பட்டது. நூல் ஏறக்குறைய 4,000 பக்கம். எந்த அமைச்சரும் அதைப் புரட்டிப் படித்து முடிக்கப் போவதில்லை. அவர்களுக்காகவே சுமார் 40 பக்கத்தில் 'கொள்கை வகுப்போருக்கான சுருக்கம்' என்று ஒன்று தனியாக எழுதப்படுகிறது. காலநிலை பற்றி உலக அரசுகள் கூட்டாக எதை ஒப்புக்கொண்டிருக்கின்றன என்பதற்கான சாசனம் அந்த 40 பக்கம்தான்.

அந்தச் சுருக்கம் உருவாகும் முறை அறிவியல் உலகில் மிக அரிதானது. விஞ்ஞானிகள் எழுதிய வரைவு திரையில் காட்டப்படும். உறுப்பு நாடுகள் 195. அவற்றின் பிரதிநிதிகள் ஒவ்வொரு வாக்கியமாகப் படித்து, கேள்வி கேட்டு, திருத்தம் கோருவார்கள். எல்லா நாடுகளும் சம்மதித்த பிறகே அடுத்த வாக்கியம். ஆனால் கடைசிச் சொல் விஞ்ஞானிகளுடையது: கோரப்படும் திருத்தம் உள்ளே இருக்கும் அத்தியாயத்தின் ஆதாரத்துக்கு முரணாக இருந்தால் அவர்கள் அதை மறுக்கலாம், மறுக்கவும் செய்கிறார்கள். 2021-இல் கொரோனா காரணமாக இது இணையவழியில், ஜூலை 26 முதல் ஆகஸ்டு 6 வரை, பல நேர மண்டலங்களில் கண்விழித்தவர்களைக் கொண்டு நடந்தது. இவ்வளவு பாடுபட்டுப் பெறுவது ஒன்றுதான்: பின்னாளில் பேச்சுவார்த்தை மேசையில் எந்த அரசும் அந்த அறிவியலைத் தனக்குத் தெரியாதது என்றோ, தான் ஏற்காதது என்றோ சொல்ல முடியாது.

இதற்கு விலை உண்டு. 2014 ஏப்ரலில் பெர்லினில் கூடிய ஐ.பி.சி.சி.யின் மூன்றாம் பணிக்குழு, நாடுகளை வருமான அடிப்படையில் பிரித்து அவற்றின் வாயு உமிழ்வைக் காட்டிய வரைபடங்களைச் சுருக்கத்திலிருந்து நீக்க வேண்டியதாயிற்று. எந்த நாடு எந்தப் பிரிவில் விழுகிறதோ, அதை வைத்து நாளை பொறுப்பு சுமத்தப்படும் என்ற அச்சம் அரசுகளுக்கு. வரைபடங்கள் முழு அறிக்கையில் அப்படியே இருந்தன. ஆனால் முழு அறிக்கையை யார் படிக்கிறார்கள்? அதை எழுதிய விஞ்ஞானிகள் சிலர் தங்கள் வருத்தத்தை வெளிப்படையாகவே எழுதினார்கள். வருத்தம் நியாயமானது. ஆனாலும் அரசுகளைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டு எழுதப்படும் அறிக்கை, அரசுகளின் அலமாரியில்தான் கிடக்கும் என்பதற்கு ஐ.பி.சி.சி. உருவாவதற்கு முந்தைய கால் நூற்றாண்டே சான்று.

எச்சரிக்கை புதிதல்ல

1958-இல் சார்லஸ் டேவிட் கீலிங் ஹவாயின் மௌனா லோவா மலையில் காற்றிலுள்ள கரியமில வாயுவை அளக்கத் தொடங்கினார். அப்போது பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு. ஆண்டுதோறும் அது ஏறுவது சில ஆண்டுகளிலேயே தெளிவாகிவிட்டது. 1965-இல் அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சனின் அறிவியல் ஆலோசனைக் குழு, சுற்றுச்சூழல் பற்றிய தன் அறிக்கையில் கரியமில வாயுவுக்குத் தனிப் பகுதி ஒதுக்கி, இதனால் புவியின் வெப்பம் கூடக்கூடும் என்று எழுதியது. 1979-இல் விஞ்ஞானி ஜூல் சார்னி தலைமையில் கூடிய சிறு குழு, வாயுவின் அளவு இரட்டித்தால் வெப்பம் 1.5 முதல் 4.5 டிகிரி செல்சியஸ் வரை உயரும் என்று மதிப்பிட்டது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலான ஆய்வுக்குப் பிறகு 2021 அறிக்கை தரும் மிகச் சிறந்த மதிப்பீடு 3 டிகிரி. அது சார்னி குழு சொன்ன வீச்சின் நட்டநடுவில் இருக்கிறது. அறிவு அன்றே இருந்தது. அதைக் கேட்கக் கடமைப்பட்ட ஓர் அவைதான் இல்லை.

கேட்க வைத்தது ஒரு கோடைக்காலம். 1988 ஜூன் 23 அன்று, கொளுத்தும் வெயிலுக்கும் வறட்சிக்கும் நடுவே, நாசாவின் ஜேம்ஸ் ஹான்சன் அமெரிக்க செனட்டின் எரிசக்திக் குழு முன் சாட்சியம் அளித்தார். புவி சூடாகி வருவது இயல்பான ஏற்ற இறக்கம் அல்ல என்று 99 சதவீத உறுதியோடு சொல்ல முடியும் என்றார். மறுநாள் அது 'நியூயார்க் டைம்ஸ்' முதல் பக்கச் செய்தி. அவர் அளவுக்கு மீறிய உறுதியோடு பேசிவிட்டார் என்று சக விஞ்ஞானிகள் பலர் முகம் சுளித்தார்கள். பின்வந்த தரவுகள் அவர் பக்கமே நின்றன. அதே ஆண்டு செப்டம்பரில், வேதியியல் படித்தவரான பிரிட்டன் பிரதமர் மார்கரெட் தாட்சர் ராயல் சொசைட்டியில் இதே அபாயத்தைப் பற்றிப் பேசினார். நவம்பரில் உலக வானிலை அமைப்பும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டமும் உருவாக்கிய ஐ.பி.சி.சி. ஜெனீவாவில் முதன்முறையாகக் கூடியது. ஸ்வீடன் வானிலை அறிஞர் பெர்ட் போலின் தலைவரானார். தனிமனிதரின் துணிச்சல் கதவைத் திறந்தது. கதவு மூடாமல் பார்த்துக்கொள்ள ஓர் அமைப்பு வேண்டியிருந்தது.

அந்த அமைப்பு முதலில் மிக நிதானமாகப் பேசியது. 1990-இன் முதல் அறிக்கை மனிதச் செயல்பாட்டின் தாக்கத்தைத் திட்டவட்டமாகப் பிரித்துக் காட்ட முடியவில்லை என்றது. 1995 நவம்பரில் மாட்ரிட் கூட்டத்தில்தான் நிலை மாறியது. மனிதத் தாக்கம் காலநிலையில் புலப்படுகிறது என்று சொல்லலாமா, அதற்கு எந்த அளவு அழுத்தமான அடைமொழி பொருந்தும் என்று அங்கே நெடுநேரம் வாதம் நடந்தது. எண்ணெய் வள நாடுகளான சவூதி அரேபியாவும் குவைத்தும் கடுமையாக எதிர்த்தன. முடிவில், சான்றுகளை எடைபோட்டால் கண்டறியக்கூடிய மனிதத் தாக்கம் தெரிகிறது என்ற பொருளில் ஒரு வாக்கியம் நிறைவேறியது. அந்த அத்தியாயத்தின் பொறுப்பாசிரியரான பென் சாண்டர் மீது அடுத்த ஆண்டே பத்திரிகைகளில் குற்றச்சாட்டு கிளம்பியது. கூட்டம் முடிந்தபின் அத்தியாயத்தைத் திருத்திவிட்டார் என்றார்கள். கூட்டத்தின் முடிவுக்கேற்ப அத்தியாயத்தைச் சீர்செய்வது விதிப்படி அவர் செய்தே தீர வேண்டிய வேலை. தனிப்பட்ட முறையில் ஒரு விஞ்ஞானியைத் தாக்கினால் ஓர் அறிவியல் முடிவைத் தளர்த்தலாம் என்று கண்டுகொண்டவர்கள் அந்த உத்தியை அதன்பிறகு விடவில்லை.

வாக்கியம் மட்டும் அறிக்கைக்கு அறிக்கை உறுதிப்பட்டுக்கொண்டே வந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதி வெப்ப உயர்வுக்குப் பெரும்பாலும் மனிதச் செயல்பாடே காரணம் என்பதற்கு 2001 அறிக்கை கொடுத்த வாய்ப்பு 66 சதவீதத்துக்கு மேல். 2007-இல் அது 90 சதவீதத்துக்கு மேல். 2013-இல் 95-க்கு மேல். 2021-இல் சதவீதமே போய்விட்டது: மனிதத் தாக்கம் காற்றையும் கடலையும் நிலத்தையும் சூடாக்கியிருப்பதில் ஐயமே இல்லை என்று 195 அரசுகளும் ஒப்புக்கொண்டன. மாட்ரிடிலிருந்து அங்கே வந்துசேர 26 ஆண்டுகள் ஆயின. அந்த 26 ஆண்டுகளும் கரியமில வாயு ஏறிக்கொண்டுதான் இருந்தது.

உறுதியின் அளவும் அது கேட்கும் விதமும்

விஞ்ஞானிகள் தங்கள் முடிவுகளில் உள்ள நிச்சயமின்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பதற்காக ஐ.பி.சி.சி. ஓர் அளவுகோல் வகுத்தது. அறிக்கையில் 'வாய்ப்புண்டு' என்று வந்தால் 66 சதவீதத்துக்கு மேல் என்று பொருள். 'மிகவும் வாய்ப்புண்டு' என்றால் 90-க்கு மேல். 'கிட்டத்தட்ட உறுதி' என்றால் 99-க்கு மேல். எழுதுபவர்களுக்கு இது துல்லியமான கருவி. படிப்பவர்களுக்கோ அது வெறும் பேச்சு வழக்கு. உளவியலாளர் டேவிட் புடெஸ்குவும் அவரது குழுவினரும் 2009-லும் பிறகு 24 நாடுகளில் நடத்திய ஆய்விலும் ஒன்றைக் கண்டார்கள்: 90 சதவீதத்துக்கு மேல் என்ற பொருளில் எழுதப்பட்டதை வாசகர்கள் அதைவிட வெகுவாகக் குறைத்து, நடுப்புள்ளியான 50-ஐ நோக்கி இழுத்தே புரிந்துகொள்கிறார்கள். அளவுகோலின் அட்டவணையைக் கையில் கொடுத்தாலும் பெரிய மாற்றமில்லை. வாக்கியத்துக்குள்ளேயே எண்ணையும் சேர்த்து எழுதினால் புரிதல் நேராகிறது. விஞ்ஞானிகளின் நேர்மையான அடக்கம் பொதுமக்கள் காதில் தயக்கமாக விழுகிறது. இந்தத் துறையின் மையச் சிக்கல் இதுதான்.

அந்தத் தயக்கத்தை முதலீடாக்கியவர்கள் இருந்தார்கள். அமெரிக்கக் குடியரசுக் கட்சிக்கு ஆலோசகராக இருந்த ஃபிராங்க் லுன்ட்ஸ் 2002-இல் எழுதிய குறிப்பு பின்னர் வெளியே கசிந்தது. அறிவியல் உறுதிப்படவில்லை என்ற எண்ணம் மக்களிடம் இருக்கும்வரை வாதம் நம் பக்கம்; எனவே உறுதியின்மையையே முன்னிறுத்துங்கள் என்பது அதன் சாரம். 2019-இல் செனட் குழு ஒன்றின் முன் அவரே தாம் அன்று சொன்னது தவறு என்று ஒப்புக்கொண்டார். அதற்குள் பதினேழு ஆண்டுகள் போயிருந்தன.

தீய நோக்கம் இல்லாத பத்திரிகையாளர்களும் இதற்குத் துணைபோனார்கள். இருதரப்பையும் கேட்டு எழுது என்பது செய்தியறையின் பாலபாடம். அரசியல் செய்தியில் அது நியாயம். அறிவியலில் நிலைமை வேறு. 2004-இல் ஆய்வாளர் நவோமி ஒரெஸ்கெஸ் 928 ஆய்வுச் சுருக்கங்களைப் பரிசோதித்தபோது, மனிதச் செயல்பாடே காரணம் என்ற பொது முடிவை மறுத்த ஒன்றுகூட அவற்றில் இல்லை. அதே ஆண்டு மாக்ஸ்வெல் பாய்காஃப், ஜூல்ஸ் பாய்காஃப் இருவரும், 1988 முதல் 2002 வரை அமெரிக்காவின் நான்கு முன்னணி நாளிதழ்களில் வந்த செய்திகளை ஆராய்ந்தார்கள். அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை விஞ்ஞானிகளுக்கும் மறுப்பாளர்களுக்கும் ஏறக்குறைய சம இடம் கொடுத்திருந்தன. ஆய்வுலகில் இல்லாத சர்ச்சை ஒன்று நாளிதழ் வாசகரின் மனதில் குடியேறியது இப்படித்தான். 2018-இல் பி.பி.சி. தன் செய்தியாளர்களுக்கு, சமநிலை கருதி மறுப்பாளர் ஒருவரைத் தேடிக் கொண்டுவர வேண்டியதில்லை என்று வழிகாட்டுக் குறிப்பு அனுப்பியது.

ஒரு பிழையும் ஒரு கெடுவும்

நம்பகத்தன்மை எவ்வளவு எளிதில் சிதையும் என்பதை இமயமலை காட்டியது. 2007 அறிக்கையின் இரண்டாம் பகுதியில், ஆசியா பற்றிய அத்தியாயத்தில், இமயமலைப் பனியாறுகள் 2035-க்குள் மறைந்துபோக மிகுந்த வாய்ப்பிருப்பதாக ஒரு வரி இருந்தது. அது சக ஆய்வாளர்கள் சரிபார்த்த ஆய்விலிருந்து வந்ததல்ல. 1999-இல் ஓர் அறிவியல் வார இதழில் வந்த செய்தி, 2005-இல் ஒரு தொண்டு நிறுவன அறிக்கையில் ஏறி, அங்கிருந்து ஐ.பி.சி.சி.க்குள் நுழைந்தது. நூற்றுக்கணக்கான மீட்டர் தடிமனுள்ள பனி அத்தனை விரைவில் கரையாது என்பது பனியாற்று அறிஞர் எவருக்கும் தெரிந்த இயற்பியல். 2009 நவம்பரில் இந்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் நிலவியலாளர் வி.கே. ரெய்னாவின் ஆய்வுரையை வெளியிட்டு அந்தக் கூற்றைக் கேள்வி கேட்டது. அன்றைய ஐ.பி.சி.சி. தலைவர் ராஜேந்திர பச்சௌரி அதை எள்ளி ஒதுக்கினார். இரண்டு மாதங்களில், 2010 ஜனவரியில், ஐ.பி.சி.சி. அந்த வரிக்கு வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று.

அந்த வரி கொள்கை வகுப்போருக்கான சுருக்கத்தில் இடம்பெறவே இல்லை. அறிக்கையின் முதன்மை முடிவு எதுவும் அதைச் சார்ந்திருக்கவில்லை. ஆனால் சேதம் நேர்ந்தது பிழையால் மட்டுமல்ல, கேள்வி கேட்டவர்களை எதிர்கொண்ட விதத்தாலும்தான். உலக அறிவியல் கழகங்களின் கூட்டமைப்பு 2010 ஆகஸ்டில் ஐ.பி.சி.சி.யின் நடைமுறைகளைப் பரிசீலித்து, பிழை திருத்தும் முறை, சரிபார்க்கப்படாத ஆதாரங்களைக் கையாளும் விதம், பொதுமக்களோடு பேசும் உத்தி எல்லாவற்றையும் சீரமைக்கச் சொன்னது. இதில் மிகவும் வேதனையானது, சரியான எண்ணே போதுமான அளவு அச்சுறுத்துவது. இந்துகுஷ்-இமயமலைப் பகுதி பற்றி 2019-இல் வெளியான மதிப்பீட்டின்படி, வெப்ப உயர்வை 1.5 டிகிரியில் நிறுத்தினாலும் இந்த நூற்றாண்டின் முடிவுக்குள் அங்குள்ள பனியாறுகளில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். உமிழ்வு இப்படியே தொடர்ந்தால் மூன்றில் இரண்டு பங்கு. 2035 என்ற பொய்க் கெடு அந்த உண்மையின் மீதும் சந்தேகத்தைப் படியவைத்தது.

கெடு என்பது செய்திக்கு வசதியானது. 2018 அக்டோபரில் தென்கொரியாவின் இஞ்சியோனில் ஒப்புதல் பெற்ற 1.5 டிகிரி பற்றிய சிறப்பு அறிக்கை, பாரிஸ் காலநிலை மாநாட்டில் அரசுகளே கேட்டு வாங்கியது. வெப்ப உயர்வை அந்த அளவில் நிறுத்த வேண்டுமானால், 2010-ஐ ஒப்பிட 2030-க்குள் உலகின் கரியமில வாயு உமிழ்வு சுமார் 45 சதவீதம் குறைந்து, 2050 வாக்கில் நிகர பூச்சியமாக வேண்டும் என்றது அது. செய்திகளில் இது 'உலகுக்கு இன்னும் 12 ஆண்டுகள்' என்று சுருங்கியது. லட்சக்கணக்கான மாணவர்களை அது வீதிக்குக் கொண்டுவந்தது உண்மை. 2030-க்குப் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை என்ற தவறான எண்ணத்தை அது விதைத்ததும் உண்மை. 1.5-இல் பாதாளம் எதுவும் இல்லை, 1.6 அதைவிட மோசம், 1.7 இன்னும் மோசம், ஆகவே குறைக்கப்படும் ஒவ்வொரு பத்தில் ஒரு பங்கு டிகிரிக்கும் மதிப்புண்டு. அறிக்கை சொல்வது இதைத்தான்.

எண்களையே தவிர்த்த ஒரு முயற்சி எல்லாவற்றையும்விடப் பரவியது. ரெடிங் பல்கலைக்கழகத்தின் எட் ஹாக்கின்ஸ் 2018-இல், ஆண்டுக்கு ஒரு கோடாக, குளிர்ந்த ஆண்டுக்கு நீலமும் வெப்பமான ஆண்டுக்குச் சிவப்பும் தீட்டிய பட்டைகளை வெளியிட்டார். எழுத்தோ அச்சோ எண்ணோ அதில் இல்லை. இடப்பக்கம் நீலத்தில் தொடங்கி வலப்பக்கம் கருஞ்சிவப்பில் முடிவதைப் பார்க்க எந்த மொழியும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

'இல்லை' என்றும் சொல்ல வேண்டிய கடமை

பெருமழையோ வெப்ப அலையோ வந்ததும் மக்கள் கேட்பது ஒரே கேள்வி: இதற்குக் காலநிலை மாற்றம்தான் காரணமா? முன்பெல்லாம் விஞ்ஞானிகள், தனி நிகழ்வு ஒன்றுக்குக் காரணம் சொல்ல முடியாது என்று ஒதுங்கிவிடுவார்கள். பின்னாளில் யாரேனும் ஆராய்ந்தாலும், விடை வரும்போது கேள்வி மறந்துபோயிருக்கும். கெர்ட் யான் வான் ஓல்டன்போர்க், ஃபிரெடெரிக்கே ஓட்டோ முதலியோர் உருவாக்கிய 'வேர்ல்டு வெதர் ஆட்ரிபியூஷன்' குழு இதை மாற்றியது. மனிதத் தாக்கம் இல்லாத உலகில் இந்த நிகழ்வு எவ்வளவு அரிதாக இருந்திருக்கும், இன்றைய உலகில் எவ்வளவு அரிது என்று மாதிரிகளையும் தரவுகளையும் ஒப்பிட்டு, சில நாள்களிலோ வாரங்களிலோ விடை சொல்கிறது. 2022 மார்ச், ஏப்ரலில் இந்தியாவையும் பாகிஸ்தானையும் வாட்டிய வெப்ப அலைக்கான வாய்ப்பைக் காலநிலை மாற்றம் சுமார் 30 மடங்கு கூட்டியிருந்தது என்பது அப்படிக் கிடைத்த விடை.

சென்னைக்குக் கிடைத்த விடை வேறு. 2015 டிசம்பர் 1 அன்று கொட்டிய மழையை ஆராய்ந்தவர்கள், புவி வெப்பமடைதலின் தாக்கம் எதையும் அதில் கண்டறிய முடியவில்லை என்று எழுதினார்கள். பசுமைக்குடில் வாயுக்களின் விளைவை, காற்றிலுள்ள தூசு, புகை போன்ற நுண்துகள்கள் இதுவரை அப்பகுதியில் ஈடுகட்டியிருக்கலாம் என்பது அவர்கள் தந்த விளக்கம். வெள்ளம் வந்தபோதே காலநிலை மாற்றத்தின் மீது பழியைப் போட்டவர்கள் பலர். அப்படிப் போட்டுவிட்டால் சதுப்பு நிலத்தில் எழுந்த கட்டடங்களையும், சுருங்கிப்போன ஏரிகளையும், அடைபட்ட வடிகால்களையும் பற்றி யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. காரணம் இது இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லும் குழு, காரணம் இதுதான் என்று வேறொரு நாள் சொல்லும்போது நம்பப்படுகிறது.

கொள்கை வகுப்போருக்குத் தகவலைவிட அவசரமாக வேண்டியது, அவர்கள் கையில் இருக்கும் அதிகாரத்துக்குப் பொருந்தும் விடை. பிரிட்டன் 2008-இல் இயற்றிய காலநிலை மாற்றச் சட்டம், அரசுக்கு ஆலோசனை சொல்லத் தனிக் குழுவை அமைத்தது. அந்தக் குழு சொல்வதை அரசு நிராகரிக்கலாம். ஆனால் நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. உமிழ்வை எந்த ஆண்டுக்குள் நிகர பூச்சியமாக்கலாம் என்று கேட்கப்பட்டபோது, 2019 மே மாதம் குழு 2050 என்று செலவுக் கணக்கோடு விடை சொன்னது. ஜூனில் அது சட்டமாயிற்று.

ஊர் மட்டத்தில் இதே வேலை வேறு உருவம் எடுக்கிறது. 1990-களின் இறுதியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பகுதிக் கிராமங்களில் அறிவு மையங்களை அமைத்தது. வீராம்பட்டினத்து மையம் அமெரிக்கக் கடற்படை வெளியிடும் அலை உயரக் கணிப்பை எடுத்து, கடற்கரையில் கட்டிய ஒலிபெருக்கி வழியே தமிழில் அறிவித்தது. கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்று அன்று காலை முடிவெடுக்க வேண்டிய மீனவருக்கு, அந்த முடிவுக்குத் தேவையான ஒரே தகவல், அவர் நிற்கும் இடத்திலேயே, அவர் மொழியிலேயே கிடைத்தது.

அகமதாபாத் இதை ஒரு பெருநகரத்தின் அளவில் செய்தது. 2010 மே மாதம் அங்கே வெப்பம் 46.8 டிகிரியைத் தொட்டது. அந்த ஒரு மாதத்தில், வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று பின்னர் இறப்புப் பதிவேடுகளை ஆராய்ந்தவர்கள் கணித்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் வெப்பத்தால் இறந்ததாக எந்தச் சான்றிதழிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. எண்ணிப் பார்க்கும்வரை அந்தப் பேரிடரின் முழு அளவு நகரத்துக்குத் தெரியாது. அந்த அனுபவம் மாநகராட்சியை அசைத்தது. காந்திநகரின் இந்தியப் பொதுச் சுகாதாரக் கழகமும் பிற ஆய்வாளர்களும் மாநகராட்சியோடு சேர்ந்து, 2013-இல் தெற்காசியாவின் முதல் வெப்பச் செயல்திட்டத்தை வகுத்தார்கள். நாளைய வெப்பம் 41 டிகிரியைத் தாண்டினால் மஞ்சள், 43-ஐத் தாண்டினால் ஆரஞ்சு, 45-ஐத் தொட்டால் சிவப்பு. நிறம் மாறியதும் யார் யாரை அழைக்க வேண்டும், எந்த மருத்துவமனை எதைத் தயாராக வைக்க வேண்டும், குடிநீர் எங்கே வைக்க வேண்டும் என்பதெல்லாம் முன்கூட்டியே எழுதிவைக்கப்பட்டது. தொலைபேசிக் குறுஞ்செய்தியும் தெருவோர விளம்பரப் பலகையும் குஜராத்தியில் பேசின. இதனால் 2014, 2015 ஆண்டுகளில் ஆண்டுக்குச் சராசரியாக 1,190 மரணங்கள் தவிர்க்கப்பட்டதாக 2018-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

அகமதாபாத்தைப் பார்த்துப் பல மாநிலங்களும் நகரங்களும் வெப்பச் செயல்திட்டங்களை எழுதின. 2023-இல் டெல்லியின் கொள்கை ஆய்வு மையம் 18 மாநிலங்களைச் சேர்ந்த 37 திட்டங்களைப் படித்துப் பார்த்தது. பெரும்பாலானவை உள்ளூர் நிலைமைக்கேற்ப எழுதப்படவில்லை. நிதி எங்கிருந்து வரும் என்று பலவற்றில் இல்லை. தன் ஊரில் வெப்பத்துக்கு முதலில் பலியாகப் போவது யார், அவர்கள் எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்ற மதிப்பீட்டை முறைப்படி செய்து காட்டியிருந்தவை 37-இல் இரண்டு.